பஞ்ச பேதமும் ஐந்து ஏழைகளும்

"ஜார்ஜ் சார், உங்க தொண்டை எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் வைத்தியநாதன்.

ஜார்ஜ் அப்போதுதான் ஜீடிமெட்லா தொழிற்பேட்டையிலிருந்து திரும்பி, காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாத்திரை செய்யும் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை. பகலெல்லாம் போனில் மூன்று மொழிகளில் சண்டை போட்டுவிட்டு வருகிறவரிடம் யாரும் தொண்டையைப் பற்றி விசாரித்ததில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஏன் சார்?"

"அப்பாடா. சுப்பாராவுக்குப் போயிடுத்து."

"எங்க போயிட்டாரு?"

"அவர் எங்கயும் போகலை. தொண்டை போயிடுத்து. வாயைத் திறந்தா வெறும் காத்துதான் வர்றது."

வைத்தியநாதன் மேல்மாடிக்காரர். கும்பகோணத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகன் வெங்கட்டோடு இருக்க ஹைதராபாத் வந்தவர். சும்மா இருக்க முடியாமல், திருமுல்கேரியில் இருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சத்சங்கக் குழுவுக்குச் செயலாளரானார். ஊரிலிருந்து பிராணேசாச்சார் என்ற பெரிய பண்டிதரை வரவழைத்திருந்தார். கீழ்த்தளத்து ஹாலில் மூன்று மாலைகள், துவைத சித்தாந்தம் பற்றிச் சொற்பொழிவு. ஆச்சார் தமிழில் பேச, தெலுங்கு வாத்தியார் சுப்பாராவ் வாக்கியத்துக்கு வாக்கியம் தெலுங்கில் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. இன்னும் ஒரு மணி நேரத்தில் கூட்டம்.

"ஆச்சாருக்குத் தெலுங்கு ஒரு அட்சரம் தெரியாது. வரவாளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ ரெண்டு வருஷமா 'பாகுன்னாரா'ன்னு சௌக்கியம் விசாரிக்கறதைத் தாண்ட முடியலை. நீங்கதான் காப்பாத்தணும்."

"சார், நான் சர்ச்சுல மொழிபெயர்ப்புப் பண்ணுறவன்."

"தெரியுமே! டிசம்பர்ல மைதானத்துல கூட்டம் நடந்ததே, பால்கனியில நின்னுண்டு முழுக்கக் கேட்டேன். பிரசங்கியார் மூச்சு வாங்கறதுக்குள்ள நீங்க முடிச்சுட்டேள். அந்த வேகம்தான் வேணும்."

அது உண்மை. சிகந்தராபாத் தமிழ்ச் சபைகளில் ஜார்ஜுக்கு நிகரான மொழிபெயர்ப்பாளர் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து எந்தப் பிரசங்கியார் வந்தாலும் பக்கத்தில் ஜார்ஜ்தான் நிற்பார். அவர் கை உயர்த்தினால் இவரும் உயர்த்துவார். அவர் அழுதால் இவரும் அழுவார். "நான் குடிகாரனாக இருந்தேன்" என்று அவர் சொன்னால், ஒரு துளி தொட்டறியாத ஜார்ஜ் தெலுங்கில், "நேனு", அதாவது நானே, குடிகாரனாக இருந்தேன் என்று கண்ணீர் விடுவார். ஒருமுறை அதைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டியம்மாள் அவர் மனைவி ஜெயசுந்தரியிடம் தனியாக வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போனாள்.

சமையலறையிலிருந்து ஜெயசுந்தரி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, பாஸ்டருக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாரு?"

ஜார்ஜ் வைத்தியநாதனைப் பார்த்தார். "அவர் என்ன சார் பேசப்போறாரு?"

"கடவுள் வேற, மனுஷன் வேற. மனுஷன் என்னைக்கும் கடவுளாக முடியாது. அவரோட கிருபை இல்லாம கரையேறவும் முடியாது. நான் அத்வைதி, எனக்கு இதுல உடன்பாடு இல்லை. எல்லாம் ஒண்ணுங்கறதுதான் எங்க கட்சி. ஆனாலும் ஆச்சார் பேசினா கேட்டுண்டே இருக்கலாம்."

ஜார்ஜுக்கு நிம்மதியாயிற்று. மனைவி பக்கம் திரும்பினார். "இதுல என்ன இருக்கு? நம்ம சபையில சொல்லுறதுதானே?"

"அப்ப எதுக்கு ரெண்டு இடத்துல சொல்லணும்?" என்றாள் ஜெயசுந்தரி.

ஜார்ஜ் முகம் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

பிராணேசாச்சார் ஒல்லியாக, நிமிர்ந்து, பஞ்சகச்சத்தோடு மேடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜார்ஜுக்கு ஒரு நாற்காலி, ஒரு மைக். முன்வரிசையில் ஆச்சாரின் மனைவி ப்ரியம்வதா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். சற்று முன் மேடையேறும்போது ஆச்சார் வைத்தியநாதனிடம் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் வைத்தியநாதன், "கவலையே படாதேங்கோ, ஜார்ஜ் சார் இருக்கார். ஒரு வார்த்தை கீழே விழாது" என்றார். ஆச்சார் ஜார்ஜையும் மைக்கையும் ஒருமுறை பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"ஜீவன் வேறு. பரமாத்மா வேறு" என்று ஆரம்பித்தார்.

"ஜீவுடு வேறு. தேவுடு வேறு" என்றார் ஜார்ஜ். சுலபமாகத்தான் இருந்தது.

"இந்த வேறுபாடு கற்பனை இல்லை, நிஜம். அவன் ஒருவனே சுதந்திரன். மற்ற எல்லாமே அவனைச் சார்ந்து நிற்பவை."

இதுவும் சுலபம். பத்து நிமிடத்தில் ஜார்ஜுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அவன் கிருபைதான் நம்மைத் தூக்குகிறது" என்று ஆச்சார் சொல்லி நிறுத்தியதும், ஜார்ஜ் அதைத் தெலுங்கில் சொல்லிவிட்டு, இத்தனை வருடப் பழக்கத்தில் கையை உயர்த்தி, "ஸ்தோத்ரம்!" என்றார்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். சபையில் அப்படிச் சொன்னால் எல்லோரும் பதிலுக்கு ஒரு "ஸ்தோத்ரம்" சொல்வார்கள், அத்தோடு முடிந்துபோகும். இங்கே நிலைமை வேறு. மூன்றாம் வரிசையில் இருந்த அனசூயம்மா என்ற பெரியவள், மொழிபெயர்ப்பாளர் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, கணீரென்று ஒன்றை ஆரம்பித்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அது நீளமான ஸ்தோத்திரம். ஹால் முழுக்க எழுந்து நின்று பாடியது. ஆச்சார் கைகூப்பிக் கண்மூடி இருந்தார். ஜார்ஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் வைத்தியநாதன் மேடையோரமாக வந்து காதோடு சொன்னார். "பிரமாதம்! ஜனங்களையும் சேர்த்துண்டுட்டேளே!"

அந்தப் பாராட்டு ஜார்ஜை மேலும் நிலைகுலைய வைத்தது. இனிமேல் வாய் தவறக் கூடாது என்ற நினைப்பிலேயே அடுத்த வாக்கியத்தைப் பாதிதான் கேட்டார்.

"மோட்சத்துக்கு அவசரம் கூடாது" என்றார் ஆச்சார்.

"மோக்ஷானிகி அவசரம் லேது" என்றார் ஜார்ஜ்.

ஹாலில் சத்தம் அடங்கியது. ஒரு நொடி கழித்துத்தான் ஜார்ஜுக்கு உறைத்தது. தமிழில் அவசரம் என்றால் அவசரம். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. மோட்சமே தேவையில்லை என்று ஆச்சார் வாயால் சொல்ல வைத்துவிட்டார். சிகந்தராபாத்தில் பிறந்து வளர்ந்தவர், மார்க்கெட்டில் தினமும் சொல்லும் சொல், அதில் போய் விழுந்திருக்கிறார். இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி இருக்கும் சொற்களை மூளை சோதனை போடாமல் உள்ளே விட்டுவிடுகிறது.

திருத்திவிடலாம் என்று மைக்கை எடுத்தார். அதற்குள் ஆச்சார், சற்று நேரம் கண்மூடியிருந்துவிட்டு, பேச ஆரம்பித்தார்.

"மோட்சமே எனக்கு வேண்டாம்னு கேக்கற பக்தனும் உண்டு. 'உன்னைச் சேவிச்சிண்டு இங்கேயே இருக்கேனே, அது போதாதா?'ன்னு கேக்கறான். அவனுக்கு வைகுண்டம் ஒரு பொருட்டே இல்லை."

ஜார்ஜால் நம்ப முடியவில்லை. பள்ளத்தில் விழப்போகிறவன் காலடியில் யாரோ பலகை போட்டது போல இருந்தது. அவசர அவசரமாக அதைத் தெலுங்கில் சொன்னார். கூட்டம் ஒருமித்து "ஆ" என்றது. பின்வரிசையில் ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் ப்ரியம்வதா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இருமல் போலிருக்கிறது என்று ஜார்ஜ் நினைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஜெயசுந்தரி கேட்டாள். "எப்படிப் போச்சு?"

"கர்த்தர் கைதூக்கி விட்டாரு."

"அங்கயுமா?" என்றாள் அவள்.

மறுநாள் ஆபீசில் ஜார்ஜுக்கு வேலை ஓடவில்லை. தப்பித்தது தற்செயல். இன்னொரு முறை அப்படி நடக்காது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பொருளை மாற்றப் போனால்தானே வம்பு? ஆச்சார் சொல்லும் சமஸ்கிருதச் சொல்லையே அப்படியே தெலுங்கு வாக்கியத்தில் தூக்கிப் போட்டுவிட்டால்? தெரிந்தவர்களுக்குப் புரியும். தெரியாதவர்கள் பெரிய விஷயம் என்று மரியாதையாகக் கேட்பார்கள். தப்பு வராது.

அன்று மாலை கூட்டம் இரட்டிப்பாகியிருந்தது. மோட்சம் வேண்டாம் என்று சொல்லும் ஒரு பண்டிதர் வந்திருக்கிறார் என்று பக்கத்துக் காலனிகளுக்கும் செய்தி போயிருந்தது.

ஜார்ஜின் புது வழி அரைமணி நேரம் நன்றாக வேலை செய்தது. பிறகு ஆச்சார், "இந்தச் சித்தாந்தத்தின் உயிர்நாடி பஞ்ச பேதம்" என்றார்.

பேதம் என்றால் வேறுபாடு. கடவுளுக்கும் உயிருக்கும், கடவுளுக்கும் சடப்பொருளுக்கும், உயிருக்கும் உயிருக்கும், உயிருக்கும் சடப்பொருளுக்கும், ஒரு சடப்பொருளுக்கும் இன்னொன்றுக்கும். ஆக ஐந்து. ஜார்ஜ் மொழிபெயர்க்கவில்லை. திட்டப்படி சொல்லை அப்படியே போட்டார்.

"பஞ்ச பேதாலு!"

தெலுங்கில் அந்த 'பே'யை வயிற்றிலிருந்து அழுத்திச் சொன்னால் வேறுபாடு. உதட்டளவில் சொன்னால் ஏழை. ஜார்ஜின் தாத்தா திருநெல்வேலியிலிருந்து வந்தவர். களைத்துப்போன நாக்கு அந்த நேரம் பார்த்துத் தாத்தா ஊருக்குப் போய்விட்டது.

அனசூயம்மா எழுந்து நின்றாள். "எவரண்டி ஆ ஐதுகுரு பேதலு?"

யார் அந்த ஐந்து ஏழைகள்?

ஹாலில் எல்லோருடைய முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது. ஆச்சார் ஜார்ஜ் பக்கம் திரும்பி, "என்ன கேக்கறா?" என்றார்.

கேட்டதைச் சொன்னால் தான் செய்த தப்பு தெரிந்துவிடும். ஜார்ஜ் வாழ்க்கையில் முதல் முறையாக, தெரிந்தே மாற்றி மொழிபெயர்த்தார். "அது வந்துங்க... பேதம்னா என்ன, கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்கன்னு கேக்காங்க."

ஆச்சார் கண்ணை மூடினார். முகத்தில் ஏதோ ஓடியது. களைப்பு என்று ஜார்ஜ் எண்ணினார்.

"பேதம்னா என்ன? ஒண்ணுகிட்ட இல்லாதது இன்னொண்ணுகிட்ட இருக்கு. அவ்வளவுதான். கல்லுக்கு உயிர் இல்லை, அதனால கல் ஒரு ஏழை. எனக்கு உயிர் இருக்கு, உங்க மாதிரி பாட வராது, அதனால உங்க முன்னால நான் ஏழை. உங்களுக்குப் பாட வரும், ஆனா அடுத்த மூச்சு உங்க கையில இல்லை, அதனால பகவான் முன்னால நீங்க ஏழை. யார்கிட்ட எதுவுமே குறையலையோ அவன் ஒருத்தன்தான் பணக்காரன். தான் ஏழைன்னு தெரிஞ்சவன்தான் கையை நீட்டுவான். கையை நீட்டினாத்தான் கொடுக்க முடியும்."

ஜார்ஜ் அதைத் தெலுங்கில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துபோயிற்று. அனசூயம்மா உட்கார்ந்து பக்கத்திலிருந்தவளிடம், "சரியாகத்தானே கேட்டேன்!" என்பது போலத் தலையாட்டினாள்.

கூட்டம் கலையும்போது வைத்தியநாதன் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தார். "ஜார்ஜ் சார், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஆச்சார் முன்ன மாதிரி இல்லை. கும்பகோணத்துல இதே தலைப்புல பேசினார், பூரா தர்க்கம், நெருப்பு. என்னோட அத்வைதத்தை நார் நாராக் கிழிச்சார். அதுக்காகத்தானே கூப்பிட்டேன்! இங்க என்னடான்னா மோட்சம் வேண்டாங்கறார், ஏழைங்கறார். எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போறார். வயசாயிடுத்தோ?"

"இருக்கும் சார்" என்றார் ஜார்ஜ். ஆச்சாருக்கு வயதானதற்காக மனதுக்குள் நன்றி சொன்னார். சொன்ன பிறகு, அது நல்ல ஜெபமா என்று சந்தேகம் வந்தது.

மூன்றாம் நாள் மாலை, ஆபீசிலிருந்து வந்து ஆட்டோவை விட்டு இறங்கும்போதே ஜார்ஜுக்கு விபரீதம் தெரிந்தது. ஹால் வாசலில் அரிசி மூட்டைகள். பக்கத்தில் போர்வைகள், புடவைகள், ஒரு பிரஷர் குக்கர். அனசூயம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களிடம் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்த ஐந்து ஏழைகளுக்கு.

வைத்தியநாதன் ஓடி வந்தார். "ஜார்ஜ் சார், எதுக்கு எல்லாரும் அரிசி கொண்டு வரா? கேட்டா 'பேதலு பேதலு'ங்கறா. பேதத்துக்கும் அரிசிக்கும் என்ன சம்பந்தம்?"

உண்மையைச் சொல்ல அதுதான் தருணம். ஜார்ஜ் வாயைத் திறந்தார். "அது... இந்தப் பக்கத்து வழக்கம் சார். நல்ல பிரசங்கம் கேட்டா தானம் பண்ணுவாங்க."

"அப்படியா! உத்தமமான வழக்கமா இருக்கே. அப்போ இன்னைக்கே கொடுத்துடணும்" என்று சொல்லிவிட்டு, வைத்தியநாதன் எதிரே கட்டிக்கொண்டிருந்த கட்டடத்துக்கு ஆள் அனுப்பினார். அனசூயம்மா விரல் காட்டியபடி ஐந்து பேரைத்தான் அழைத்தார்கள். சிமென்ட் படிந்த கைகளோடு ஐம்பது பேர் குடும்பத்தோடு வந்து ஹாலில் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் போதவில்லை. பெரிய பெரிய பிளாட்டுக்காரர்கள் எழுந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்கள்.

"சித்தாந்தப்படி எல்லாம் ஒண்ணுதான்" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார் வைத்தியநாதன். "ஆனா அரிசியை அஞ்சாப் பிரிக்கறதா அம்பதாப் பிரிக்கறதா?"

ஜெயசுந்தரியும் அன்று வந்திருந்தாள். ஜார்ஜை ஒரு ஓரமாக இழுத்தாள். "வாசல்ல அரிசி வாங்குற அம்மா எல்லாத்தையும் சொன்னாங்க. அவரு எங்கங்க ஏழைன்னு சொன்னாரு? நீங்கதானே சொன்னீங்க?"

"ஹவ்" என்று ஹைதராபாத் பாணியில் ஆமோதித்தார் ஜார்ஜ். "ஆனா அதுக்கு அப்புறம் அவரும் சொன்னாரு."

"முதல்ல யாரு சொன்னது?"

"நான்."

"போய் அந்தப் பெரியவர்கிட்டச் சொல்லிருங்க. கை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லுத வாயி பொய் சொல்லக் கூடாது."

ஜார்ஜ் ஆச்சார் தங்கியிருந்த அறைக்குப் போனார். ப்ரியம்வதா கதவைத் திறந்தாள். "இன்னைக்கு ஏகாதசி. அவருக்குத் தண்ணி கூடக் கிடையாது. மேடை ஏறற வரைக்கும் பேசமாட்டார்" என்றாள். உள்ளே ஆச்சார் ஜபமாலையோடு இருந்தார். ஜார்ஜைப் பார்த்துப் புன்னகைத்தார். ஜார்ஜ் கைகூப்பிவிட்டுத் திரும்பினார். பயத்தில் வந்த கால் திரும்பும்போது சற்று லேசாக நடந்ததை அவரே கவனித்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

கடைசிச் சொற்பொழிவு எந்தத் தடங்கலும் இல்லாமல் போனது. முடியப்போகும் நேரம். நடுவரிசையில் மெலிந்த ஒருவர் கையைத் தூக்கினார். கல்லூரியில் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற சர்மாகாரு. நிதானமான தெலுங்கில் கேட்டார்.

மோட்சம் தேவையில்லை என்று முதல் நாள் சொல்லப்பட்டது. பேதம் என்பதற்கு ஏழ்மை என்று மறுநாள் பொருள் சொல்லப்பட்டது. தான் நாற்பது வருடம் படித்ததில் இப்படி எங்கும் கண்டதில்லை. கேட்க நன்றாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இது ஆச்சாரியாருடைய கருத்தா, மொழிபெயர்ப்பாளருடைய கருத்தா? அதைமட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

"என்ன கேக்கறார்?" என்றார் ஆச்சார்.

ஜார்ஜ் மைக்கைப் பிடித்தபடி நின்றார். அந்த ஹாலில் இந்தக் கேள்வியை ஆச்சாரிடம் கொண்டுபோக அவரைத் தவிர ஆள் இல்லை. 'உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேக்காங்க' என்றால்கூட முடிந்துவிடும். ஆச்சார் நன்றி சொல்வார். அதை வேறு ஏதோ பதிலாக மாற்றிச் சர்மாகாருவிடம் கொடுத்துவிடலாம். இரண்டு கரைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

பின்வரிசையில் ஜெயசுந்தரி தெரிந்தாள். அவள் முறைக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா" என்றார் ஜார்ஜ் தமிழில். "மோட்சம் தேவையில்லைன்னு சொன்னது, பேதத்துக்கு ஏழைன்னு சொன்னது, ரெண்டும் புத்தகத்துல இல்லையாம். அது உங்க கருத்தா, மொழிபெயர்த்தவன் கருத்தான்னு கேக்காங்க." மைக்கை இறக்கினார். "அவரு கேட்டது அவ்வளவுதான். இனிமே நான் சொல்லுதது. ரெண்டும் என் வாயில வந்த தப்பு. அரிசி மூட்டையும் அதனால வந்ததுதான்."

வைத்தியநாதன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

ஆச்சார் கையமர்த்தினார். "அவர்கிட்ட சொல்லுங்கோ. மோட்சம் வேண்டாம்னு கேக்கற பக்தன் உண்டுன்னு சொன்னது நான். ஜீவன் ஏழைன்னு சொன்னதும் நான். தமிழ்லதான் சொன்னேன், செயலாளர் சாட்சி."

வைத்தியநாதன் யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார். மெதுவாக உட்கார்ந்தார்.

"இவர் தப்புப் பண்ணினேன்கறார்" என்று ஆச்சார் தொடர்ந்தார். "பண்ணியிருக்கலாம். ஆனா ஒண்ணு யோசிங்கோ. இவரும் நானும் ஒண்ணா இருந்தா, தப்புப் பண்ணிட்டேன்னு இவர் என்கிட்ட சொல்ல முடியுமா? பரவாயில்லைன்னு நான்தான் இவர்கிட்ட சொல்ல முடியுமா? மன்னிக்கறதுக்கு ரெண்டு பேர் வேணும். நன்றி சொல்றதுக்கும் ரெண்டு பேர் வேணும். பகவான் நம்மைத் தன்கிட்டேர்ந்து வேறயா வெச்சிருக்கறது அதுக்காகத்தானோ என்னமோ. இது சாஸ்திரத்துல இல்லை. இப்போ இவரைப் பார்த்தப்போ எனக்குத் தோணினது."

ஜார்ஜ் தெலுங்கில் ஆரம்பித்தார். "இவர் தப்புப் பண்ணினேன்கறார்" என்ற இடத்தில் நின்றுவிட்டார். அந்த 'இவர்' யார்? இத்தனை வருடங்களாக யார் யாருடைய 'நான்'களையோ தன் வாயால் சொல்லியிருக்கிறார். குடிகாரனின் நான், திருந்தியவனின் நான், பாடகனின் நான். இப்போது வேறொருவர் வாக்கியத்துக்குள் தான் இருக்கிறார்.

"நேனு தப்பு சேசானு" என்றார்.

அந்த 'நேனு' வேறு யாருடையதும் இல்லை. மிச்சத்தை எப்படியோ சொல்லி முடித்தார். மன்னிக்க இரண்டு பேர் வேண்டும் என்ற வரியில் சர்மாகாரு எழுந்து, ஆச்சாருக்கு ஒருமுறை, ஜார்ஜுக்கு ஒருமுறை, தனித்தனியாகக் கும்பிட்டார். அனசூயம்மா யாரும் கேட்காமலே ஒரு ஸ்தோத்திரத்தை ஆரம்பித்தாள். கட்டடத் தொழிலாளிகளுக்கு அது முழுக்கத் தெரிந்திருந்தது. அவர்கள் சத்தம்தான் ஓங்கி நின்றது.

கூட்டம் கலைந்து, அரிசி ஐம்பதாகவே பிரிக்கப்பட்டு முடிந்தபோது, ரயில் நிலையத்துக்குப் போகக் கார் வந்து நின்றது. ஜார்ஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். ஆச்சார் சந்தியாவந்தனத்தை முடித்து இன்னும் வரவில்லை. ப்ரியம்வதா காரில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஜார்ஜ் காரு, தாரிலோ தாகடானிகி கொஞ்செம் மஞ்சிநீளு தெஸ்தாரா?"

"தெஸ்தானம்மா" என்று சொல்லிவிட்டு ஜார்ஜ் குடிக்கத் தண்ணீர் கொண்டுவர நாலு எட்டு நடந்தார். அப்புறம் நின்றார். திரும்பி வந்தார்.

"அம்மா, நீங்க தெலுங்கு பேசுறீங்க."

"நான் கடப்பைக்காரி. பேசாம என்ன?"

"அப்போ... ஐயாவுக்கு?"

"கல்யாணமான நாள்லேர்ந்து ஆத்துல நாங்க பேசறதே தெலுங்குதான்."

ஜார்ஜ் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். ஸ்தோத்ரம், அவசரம், ஐந்து ஏழைகள், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவர் முன் நின்றன. "முதல் நாளே சொல்லியிருந்தா நான் இறங்கிப் போயிருப்பேனேம்மா. அவரே தெலுங்குல பேசியிருக்கலாமே."

"அதைச் சொல்லத்தான் மேடையில வாயைத் திறந்தார். உங்களை எல்லாரும் பெருமையா உட்கார வெச்சிருந்தா. ஒரு மனுஷனை எப்படி எழுந்து போகச் சொல்றதுன்னு விட்டுட்டார்."

"நான் தப்புத் தப்பாச் சொன்னப்பவாவது திருத்தியிருக்கலாம். நான் ஒரு மொழிபெயர்ப்பாளன்மா. அவர் சொன்னதை நான் சொல்லணும், அதுதானே என் வேலை?"

ப்ரியம்வதா சிரித்தாள். "யார் சொன்னதை யார் சொன்னா? முதல் நாள் நீங்க 'அவசரம் லேது'ன்னதுலேர்ந்து, நீங்க தெலுங்குல சொன்னதையெல்லாம் உட்கார்ந்துண்டு தமிழ்ல மொழிபெயர்த்துண்டு இருந்தவர் அவர்தான்."